ருஷ்யர் வளர்த்த சொனாட்டா

மேனாட்டு இசையில் வாய்ப்பாட்டுக்குரிய உருப்படியைக் 'கன்டாட்டா' என்றும், வாத்தியத்துக்குரிய உருப்படியைச் 'சொனாட்டா' என்றும் இத்தாலியர் வழங்கினர். முன்னது பாடுதல் என்னும் பொருளடியாகப் பிறந்த சொல். பின்னது ஒலித்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. சொல்லின் துணையை நாடாது சுரத்தின் ஆற்றல் ஒன்றையே நம்பி நிற்பது சொனாட்டா. வியன்னா நகரில் ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகிய மூவர் கையில் அது முதிர்ந்து, பியானோ வாத்தியத்தின் தலையாய இசைவடிவமாயிற்று. பீத்தோவன் வெளியிட்ட 32 பியானோ சொனாட்டாக்களும் அவ்வடிவத்தின் இலக்கணமாக இன்றும் பயிலப்படுகின்றன.

வெண்பாவுக்கு யாப்பு உளதுபோலச் சொனாட்டாவின் முதற்பகுதிக்கும் ஒரு கட்டுக்கோப்பு உண்டு. தொடக்கத்தில் ஓர் இசைக்கருத்து ஆதார சுருதியில் நிறுவப்படும். அடுத்து, வேறொரு சுருதி நிலைக்கு இசை பெயர்ந்து சென்று, மற்றொரு கருத்தை அங்கே வைக்கும். பின்னர் இரு கருத்துக்களும் பிரிந்தும் மோதியும் பல நிலைகளில் அலைந்து திரியும். இறுதியில் இசை தொடங்கிய இடத்துக்கே மீளும். அயல் நிலையில் நின்ற இரண்டாவது கருத்தும் இப்போது ஆதார சுருதிக்கே வந்து சேரும். வீட்டை விட்டுப் புறப்படுதல், அலைதல், வீடு திரும்புதல் என்னும் மூன்றுமே இவ்வடிவத்தின் உயிர்நிலை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வடிவம் தன் பிறந்தகத்திலேயே தளர்ந்தது. ஜெர்மானிய இசைஞர் பிராம்ஸ் தம் இருபதாம் வயதளவில், 1853ஆம் ஆண்டுக்குள், மூன்று பியானோ சொனாட்டாக்களை இயற்றினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் தனிப் பியானோவுக்கு வேறொரு சொனாட்டாவை அவர் எழுதவில்லை. லிஸ்ட் என்பார் அதே ஆண்டில் பல பகுதிகளையும் ஒரே தொடராக இணைத்து ஒரு சொனாட்டாவை முடித்தார். அத்தோடு அவரும் நின்றார். சொனாட்டாவின் காலம் முடிந்தது என்று பலர் கருதிய வேளையிலே அதனை எடுத்து வளர்த்தவர் ருஷ்ய இசைஞர். வீடு திரும்பும் இசையை அவர்கள் வளர்த்த காலமோ, வீடும் நாடும் நிலைகுலைந்த காலமாய் அமைந்தது.

ருஷ்யாவில் இவ்வடிவம் வேரூன்றியதற்குக் காரணம் யாது? ருபின்ஸ்டைன் சகோதரர் இருவர் நிறுவிய இசைக்கல்லூரிகளே முதற்காரணம். மூத்தவர் அன்டன் 1862இல் பீட்டர்ஸ்பர்க் நகரிலும், இளையவர் நிக்கொலாய் 1866இல் மொஸ்கோவிலும் கல்லூரி தொடங்கினர். அன்டன் ருபின்ஸ்டைன் 1885ஆம், 1886ஆம் ஆண்டுகளில் பியானோ இசையின் வரலாற்றையே ஏழு கச்சேரிகளில் வாசித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்றில் பீத்தோவனின் எட்டுச் சொனாட்டாக்களை ஒரே அமர்வில் வாசித்தார். இத்தகைய பயிற்சியும் கேள்வியும் நிறைந்த சூழலில் வளர்ந்த இளைஞருக்குச் சொனாட்டா பழம்பொருளாகத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தம் ஆற்றலை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக அது விளங்கியது.

மொஸ்கோவில் நிக்கொலாய் ஸ்வெரெவ் என்னும் கண்டிப்பு மிக்க ஆசிரியரிடம் இரு சிறுவர் பயின்றனர். ஒருவர் அலெக்சாந்தர் ஸ்கிரியாபின். மற்றவர் செர்ஜி ராக்மனினோவ். இருவரும் 1892ஆம் ஆண்டில் மொஸ்கோ இசைக்கல்லூரியிலிருந்து பொற்பதக்கம் பெற்று வெளியேறினர். எட்டு ஆண்டுகளின் பின், 1900இல், அதே கல்லூரியில் தேறி வந்தவர் நிக்கொலாய் மெட்னர். இம்மூவரும் ஒரே மரபின் பிள்ளைகள். எனினும் அவர்கள் சென்ற வழிகள் வேறு வேறாயின.

ஸ்கிரியாபின் கல்லூரிக் காலத்தில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து தம் வலக்கையைக் கெடுத்துக்கொண்டார். பியானோ வாசிப்போனுக்குக் கை போவது உயிர் போவதற்கு ஒப்பாகும். அத்துயரில் பிறந்ததே 1892இல் முடிந்த அவரது முதற் சொனாட்டா. அதன் இறுதிப் பகுதி சவ ஊர்வல நடையில் அமைந்தது. கை பின்னர் தேறியது. சொனாட்டாக்கள் பத்தாகப் பெருகின. முதல் மூன்றும் பழைய கட்டுக்கோப்பை மதித்தவை. 1903இல் இயன்ற நான்காவது, தொலைவிலுள்ள விண்மீனை நோக்கிப் பறப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. 1907இல் சில நாட்களிலேயே எழுதி முடித்த ஐந்தாவது சொனாட்டா ஒரே பகுதியாலானது. அது கீழிருந்து மேலே வெடித்தெழும் ஒலியோடு தொடங்குகின்றது. முடியும்போதும் அதே ஒலி வெடித்தெழுந்து, ஆதார சுருதியில் அமராமலே வானத்தில் மறைந்துவிடுகின்றது. வீடு திரும்புதல் என்னும் விதியை ஸ்கிரியாபின் இவ்வாறு மறுத்தார்.

1911 முதல் 1913 வரையில் இயன்ற இறுதி ஐந்து சொனாட்டாக்களும் இன்னும் ஒருபடி சென்றன. அவற்றில் ஆதார சுருதியைக் குறிக்கும் அடையாளமே இல்லை. தாமே அமைத்துக்கொண்ட சுரக்கூட்டு ஒன்றிலிருந்து முழு இசையையும் அவர் விரித்தார். ஏழாவதுக்கு 'வெண் பூசை' என்று தாமே பெயரிட்டார். ஒன்பதாவதை 'கரும் பூசை' என்று பிறர் அழைத்தனர். ஆறாவதை அவர் மன்றில் வாசிக்கவே இல்லை. அதன் இருளுக்கு அவரே அஞ்சினார் என்பர். பத்தாவதோ இடையறாத சுர நடுக்கங்களால் ஒளி வீசுவது.

இவ்வுள்ளப் போக்குக்குப் பின்னே ஒரு கீழைத்தேயத் தொடர்பு உண்டு. ஸ்கிரியாபின், பிளவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான நூல்களை ஆழ்ந்து கற்றவர். 1880இல் கர்னல் ஒல்கொட்டுடன் காலியில் வந்திறங்கியவரும், 1882இல் சென்னை அடையாற்றில் சங்கத்தின் தலைமையிடத்தை அமைத்தவருமான அதே அம்மையாரே இவர். அவருடைய கருத்துக்களில் தோய்ந்த ஸ்கிரியாபின், இமயமலை அடிவாரத்தில் ஒரு கோயில் எழுப்பி, இசையும் ஒளியும் நறுமணமும் நடனமும் ஒருங்கே கூடிய மாபெரும் சடங்கொன்றை ஏழு நாட்கள் நிகழ்த்தவும், அதன் முடிவில் உலகமே மாற்றமெய்தவும் கனவு கண்டார். அக்கனவு குறிப்புக்களாகவே எஞ்சியது. மேலுதட்டில் தோன்றிய ஒரு கட்டு நஞ்சேறி, 1915 ஏப்ரல் 27இல் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. இந்திய மண்ணை அவர் மிதித்ததில்லை.

அவ்வாண்டிலேயே, இறந்த நண்பரின் குடும்பத்துக்கு உதவும் பொருட்டு ராக்மனினோவ் அவருடைய இசையை மட்டும் வாசித்துக் கச்சேரிகள் செய்தார். கேட்க வந்தோருள் 24 வயது இளைஞரான செர்ஜி புரோகோபியெவும் இருந்தார். ஐந்தாவது சொனாட்டாவை ஸ்கிரியாபின் வாசித்தபோது இசை மேலெழுந்து பறந்தது என்றும், ராக்மனினோவ் வாசித்தபோது அதன் ஒவ்வொரு சுரமும் தரையில் உறுதியாகக் கால் ஊன்றி நின்றது என்றும் புரோகோபியெவ் தம் சுயசரிதையில் நினைவுகூர்ந்துள்ளார். பறத்தல், ஊன்றி நிற்றல் என்னும் இவ்விரு நிலைக்கும் இடையே தம் வழியைத் தேடவேண்டியவராய் அவ்விளைஞர் அவையில் அமர்ந்திருந்தார்.

1917இல் புரட்சி வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ராக்மனினோவ் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார், மறுமுறை திரும்பவில்லை. அவர் இயற்றிய சொனாட்டாக்கள் இரண்டு. 1907இல் முடிந்த முதலாவது, 'ஃபவுஸ்ட்' கதையை உட்கொண்டது. 1913இல் இயன்ற இரண்டாவது, தேவாலய மணியோசை நிறைந்தது. புலம்பெயர்ந்த பின் கால் நூற்றாண்டுக் காலத்தில் அவர் முடித்த பெரும் படைப்புக்கள் ஆறே. அவற்றுள் புதிய சொனாட்டா ஒன்றுமில்லை. 1931இல் பழைய இரண்டாவது சொனாட்டாவையே எடுத்துச் சுருக்கித் திருத்தினார். கச்சேரி மேடைகளில் உலகப் புகழ் பெற்ற அவர், 1943 மார்ச்சில் அமெரிக்காவில் காலமானார்.

மெட்னர் 1921இல் வெளியேறினார். பதினான்கு சொனாட்டாக்களை இயற்றிய அவரே தம் தலைமுறையில் இவ்வடிவத்துக்குத் தம்மை முழுமையாக ஒப்புக்கொடுத்தவர். பீத்தோவனின் மரபு என்றும் மாறாத மெய் என்பது அவர் துணிபு. நாட்டை விட்டு நீங்குமுன், பசியும் குளிரும் வாட்டிய 1920ஆம் ஆண்டளவில், 'நினைவு' என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு சொனாட்டாவை அவர் முடித்தார். மென்மையான ஒரு மெட்டு தொடக்கத்தில் வருகின்றது; நடுவில் ஒருமுறை மீள்கின்றது; இறுதியிலும் அதுவே வந்து ஓய்கின்றது. இடையில் எத்துணைக் கொந்தளிப்பு நேரினும் அம்மெட்டு மாறுவதில்லை. போகப்போகும் வீட்டை ஒருவர் முன்கூட்டியே நினைவாக்கி வைத்துக்கொண்டதுபோல அவ்விசை ஒலிக்கின்றது.

ஜெர்மனியிலும் பிரான்சிலும் மெட்னரை ஏற்பார் குறைவாயினர். புது நெறி இசையை மறுத்து அவர் எழுதிய நூலை 1935இல் ராக்மனினோவே தம் செலவில் வெளியிடச் செய்தார். அவ்வாண்டில் இலண்டனில் குடியேறிய மெட்னருக்கு, இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்த வருமானமும் நின்றது. 1942இல் இருதய நோயும் பற்றியது. அந்நிலையில் எவரும் எதிர்பாராத திசையிலிருந்து உதவி வந்தது. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் மேனாட்டு இசையையும் கர்நாடக இசையையும் ஒருங்கே பயின்றவர். கிருதிகள் பல இயற்றியவர். அவருடைய பொருளுதவியால் மெட்னர் சங்கம் அமைந்தது. நோயுற்ற இசைஞர் தாமே பியானோ முன் அமர்ந்து, தம் மூன்று பியானோ கொன்செர்ட்டோக்களையும் வேறு படைப்புக்களையும் இசைத்தட்டுக்களில் பதிவு செய்தார். மூன்றாவது கொன்செர்ட்டோவை நன்றியறிதலோடு மகாராஜாவுக்கே அர்ப்பணித்தார். 1951 நவம்பரில் இலண்டனில் அவர் மறைந்தபோது, அவர் கைவண்ணம் தட்டுக்களில் நிலைபெற்றிருந்தது. இந்தியாவைக் கனவு கண்ட ஸ்கிரியாபின் இந்தியாவை அடையவில்லை; இந்தியாவை எண்ணியிராத மெட்னரை இந்தியா தேடிச் சென்று காத்தது. அம்மகாராஜாவே பின்னர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராய் இருந்தவர்.

நாட்டிலேயே தங்கியோர் நிலை யாது? 1920ஆம் ஆண்டுகளில் சோவியத் இசைஞருக்குப் புதுமை செய்யச் சிறிது இடம் இருந்தது. அலெக்சாந்தர் மொசொலொவ் அக்காலத்தில் இயந்திர ஓசை போன்ற கடுமையான சொனாட்டாக்களை இயற்றிப் பெயர் பெற்றார். அடுத்த பத்தாண்டில் காலம் மாறியது. 1936இல் இசைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட அவர், 1937இல் சிறைப்பட்டு உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஆசிரியர்கள் மன்றாடியதால் 1938இல் விடுதலை கிடைத்தது. எனினும் பழைய துணிவோடு அவர் மீண்டும் எழுதவில்லை.

இத்தகைய சூழலில், வெளிநாட்டில் பதினெட்டு ஆண்டுகள் கழித்த ஒருவர் தாமாகவே திரும்பி வந்தார். அவரே புரோகோபியெவ். இன்றைய உக்ரேனில் உள்ள சொன்ட்சொவ்கா என்னும் ஊரில் 1891இல் பிறந்த அவர், 1918இல் நாட்டைவிட்டுச் சென்று, அமெரிக்காவிலும் பாரிஸ் நகரிலும் புகழ் ஈட்டி, 1936இல் மனைவி மக்களோடு மொஸ்கோவில் குடியேறினார். 1909 முதல் 1923 வரையில் ஐந்து சொனாட்டாக்களை எழுதியிருந்த அவர், பதினாறு ஆண்டுகள் அவ்வடிவத்தைத் தொடவில்லை. 1939இல் ஒரே வேளையில் மூன்று சொனாட்டாக்களுக்குத் திட்டமிட்டார்.

அவ்வாண்டில் நிகழ்ந்தது யாது? அவருடைய புதிய இசைநாடகத்தை மேடையேற்றவிருந்த நெறியாளர் மேயர்ஹோல்ட் ஜூன் மாதத்தில் கைதானார். சில வாரங்களில் மேயர்ஹோல்டின் மனைவி தம் இல்லத்திலேயே கொலையுண்டார். 1940 பெப்ரவரியில் மேயர்ஹோல்டும் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1939 டிசம்பரில், ஸ்டாலினின் அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்திசையைப் புரோகோபியெவ் அளித்தார். வாழ்த்துக்குச் சொற்கள் இருந்தன. ஆறாவது சொனாட்டாவுக்குச் சொற்கள் இல்லை. 1940 ஏப்ரல் 8இல் அதனை அவர் தாமே மொஸ்கோ வானொலியில் வாசித்தார். அதில் ஓரிடத்தில் கட்டைகளை விரலால் அன்றி முட்டியால் அடிக்குமாறு ஏட்டில் குறித்திருக்கின்றார்.

ஏழாவது சொனாட்டா போர்க்காலத்தில், 1942இல் முற்றுப்பெற்றது. அதன் நடுப்பகுதியில் இதமான ஒரு மெட்டு வருகின்றது. மகிழ்வோன்போலப் பாடினும் உள்ளே அழுகின்ற ஒருவனைப் பற்றிய ஷூமனின் பாடல் ஒன்றோடு அம்மெட்டு ஒத்திருப்பதை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டுவர். இறுதிப் பகுதியோ ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் தடையின்றி விரைவது. மிசிர சாபு அறிந்த செவிக்கு ஏழு புதிதன்று. ஆனால் இங்கே ஏழு, இரண்டும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து சம்மட்டிபோல் இறங்குகின்றது. முதற்பகுதியில் நிலைகொள்ளாது அலைந்த ஆதார சுருதி, முடிவில் மீண்டும் மீண்டும் அறையப்பட்டே நிறுவப்படுகின்றது. வீடு திரும்புதல் நிகழ்கின்றது, அமைதியாக அன்று.

இச்சொனாட்டாவை 1943 ஜனவரி 18இல் மொஸ்கோவில் முதன்முதல் வாசித்தவர் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர். நான்கே நாட்களில் அதனை அவர் மனனஞ் செய்தார். ஜெர்மானிய வழியினரான அவர் தந்தை, ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1941இல் ஒடெசாவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவ்வாண்டிலேயே சொனாட்டாவுக்கு ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது. போரின் வீரத்தை அதில் கேட்டோரும் உளர். போருக்கு முந்திய அச்சத்தைக் கேட்டோரும் உளர். சொல் இல்லாத இசையில் எதனைக் கேட்டனர் என்று எவரையும் விசாரிக்க இயலாது.

அதே 1943இல் திமித்ரி ஷொஸ்டகோவிச்சும் தம் இரண்டாவது சொனாட்டாவை முடித்தார். முந்திய ஆண்டில் தாஷ்கென்ட் நகரில் இறந்த தம் பியானோ ஆசிரியர் நிக்கொலாயெவின் நினைவுக்கு அதனை உரிமையாக்கினார். அதன் இறுதிப் பகுதி துணையின்றி ஒற்றைக் குரலாகத் தொடங்குகின்றது. வெற்றி முழக்கம் வேண்டப்பட்ட ஒரு காலத்தில், ஒரு மாணவர் தம் ஆசிரியருக்காகத் தாழ்ந்த குரலில் செய்த இரங்கலாக அது அமைந்தது.

புரோகோபியெவின் எட்டாவது சொனாட்டாவை 1944 டிசம்பர் 30இல் எமில் கிலெல்ஸ் வாசித்தார். அதற்கும் 1946இல் முதல்தர ஸ்டாலின் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் காற்று மாறியது. 1948 பெப்ரவரி 10இல் கட்சியின் மத்தியக் குழு, புரோகோபியெவ், ஷொஸ்டகோவிச் முதலியோரை மக்களுக்கு அந்நியமான இசை செய்வோர் என்று கண்டித்தது. வாசிக்கலாகாத படைப்புக்களின் பட்டியல் ஒன்று வெளிவந்தது. அதில் ஆறாவது சொனாட்டாவும், பரிசு பெற்ற அதே எட்டாவது சொனாட்டாவும் இடம்பெற்றன. அம்மாதத்திலேயே, அவரைப் பிரிந்து வாழ்ந்த முதல் மனைவி லீனா கைதானார். 20 ஆண்டு முகாம் தண்டனை பெற்று 1956இலேயே மீண்டார். தடை 1949இல் நீங்கியது. ஆயினும் இசைஞரின் உடல்நலம் மீளவில்லை.

அவர் முடித்த இறுதிச் சொனாட்டா ஒன்பதாவது. ரிக்டருக்கென எழுதப்பட்டு 1947இல் நிறைவுற்ற அது, 1951 ஏப்ரலிலேயே மன்றேறியது. அதில் சம்மட்டி ஓசை இல்லை. ஒவ்வொரு பகுதியும் முடியும்போது, அடுத்த பகுதியின் தொடக்கம் மெல்ல எட்டிப் பார்க்கின்றது. நான்காவதாகிய இறுதிப் பகுதிக்கு அடுத்துப் பகுதி இல்லை. அங்கே எட்டிப் பார்ப்பது முதற்பகுதியின் முதல் மெட்டே. தொலைவிலிருந்து கேட்பதுபோல அது ஒலித்து மறைய, இசை முடிகின்றது. 1953 மார்ச் 5இல் புரோகோபியெவ் இறந்தார். அதே நாளில் ஸ்டாலினும் இறந்தமையால், இசைஞரின் மறைவை நாடு உடனே அறியவில்லை. 1948ஆம் ஆண்டுக் கண்டனம் தவறு என்று 1958 மே மாதத்தில் கட்சியே ஒப்புக்கொண்டது.

ருஷ்யச் சொனாட்டாவின் வரலாறு அங்கே முடியவில்லை. ஷொஸ்டகோவிச்சின் மாணவியான கலீனா உஸ்த்வோல்ஸ்கயா, லெனின்கிராட் நகரில் ஒதுங்கி வாழ்ந்து, 1947 முதல் 1988 வரையில் ஆறு சொனாட்டாக்களை இயற்றினார். ஆறாவதில் உள்ளங்கையாலும் முன்கையாலும் பல கட்டைகளை ஒருசேர அழுத்த வேண்டும். அது ஏறத்தாழ ஏழே நிமிட இசை, கேட்போரை உலுக்கிவிடுவது.

ஒருவர் வீட்டை மறந்து வானை நாடினார். ஒருவர் பழைய வீட்டையே திருத்திக்கொண்டிருந்தார். ஒருவர் அதனை நினைவில் சுமந்து சென்றார். ஒருவர் திரும்பி வந்து, வீடு முன்போல் இல்லாமையைக் கண்டார். இவர்கள் வாழ்வை ஆண்ட அரசுகளில் ஒன்றேனும் இன்று இல்லை. ஜாரின் அரசு 1917இல் வீழ்ந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. ஒருகாலத்தில் பரிசு பெற்றுப் பின் விலக்கப்பட்ட எட்டாவது சொனாட்டாவை மட்டும், பல நாட்டு இளைஞர் இன்றும் தத்தம் அறைகளில் அமர்ந்து பயின்று வருகின்றனர்.